வேலியில்லாத மரச்சீனி

வெள்ளிக்கிழமை மாலை ஏழே முக்காலுக்கு, தன் உணவகத்தின் நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷாலு சரிந்து விழுந்தாள். கையிலிருந்த தட்டுகள் உடைந்தன.

பாறசாலைக்கு அருகே, புதிய ஃபிளாட்டுகள் முளைத்துவரும் சாலையில் அந்தச் சிறிய இத்தாலிய உணவகத்தை அவளும் ஜெனினும் சேர்ந்து நடத்தினார்கள். இருவரும் ரோமில் ஒரே சமையலறையில் வேலை பார்த்தவர்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். அவள் ஆரியங்கோட்டு சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண், அவன் பூவாரில் கடலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன்.

சாப்பிட வந்தவர்களில் வேறு இரண்டு பேருக்கு வாந்தி, தலைசுற்றல். விடிவதற்குள் அவர்கள் தேறிவிட்டார்கள். ஷாலு கண் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. காவல் நிலையத்தில் எஸ்.ஐ. ஜிஜா ஜெனினை எதிரே உட்காரவைத்தாள்.

"ஒனக்க இறாலு கெட்டதாக்கும்ணு ஊரே பேசுது."

"வாந்தியெடுத்த ரெண்டு பேருல ஒரு அக்கா இறாலே தொடல்ல மேடம். ஷாலுவயும் சேத்து மூணு பேரும் ஒண்ணுபோல தின்னது நியோக்கி மட்டும்தான்."

நியோக்கி என்பது கிழங்கை மசித்து, மாவு சேர்த்துப் பிடிக்கும் சிறு உருண்டை. இத்தாலியில் உருளைக்கிழங்கு. இங்கே மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

"எப்படி வேகவைப்ப?"

"முழுசா, ஆவியில. தண்ணியில வேகவச்சா மாவு கொழகொழத்துப் போவும். ஷாலுவுக்க அண்ணன் ஒரு நாளு பாத்துட்டு, 'எலே, கெழங்க இட்டலி போல வேகவைக்கியே'ண்ணு சிரிச்சாரு."

"கிழங்கு யாரு தந்தது?"

"அவருதான். எப்பவும் அவருதான் கொண்டு தாறது."

"ஷாலு ஏன் தின்னா?"

ஜெனின் முகத்தைப் பொத்திக்கொண்டான். "வெள்ளிக்கிழம அவளுக்கு ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாசம். ராத்திரி ஜெபம் முடியாம எதையும் வாயில வைக்கமாட்டா. மொத ஆர்டர் குடுத்து, அந்த அக்காவோட இருந்து தின்ன ஆளு 'கைக்குது, ஒரே கசப்பு, மீன்காரனுக்கு எதுக்கு இந்த வேல'ண்ணு சத்தம் போட்டான். இவ அந்தத் தட்ட வாங்கி, எல்லாரும் பாக்க, ஒண்ணு விடாம தின்னா. 'நல்லாத்தானே இருக்கு'ண்ணு சிரிக்கவும் செய்தா. பெறவு நான் வேற யாருக்கும் நியோக்கி குடுக்கல்ல."

பத்தரைக்கு ஜிஜா ஆரியங்கோட்டில் இருந்தாள். ஷாலுவின் அண்ணன் ஞானையன் அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பெற்றோர் போனபிறகு அவளை வளர்த்தவர். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு, சட்டை மாற்ற வந்திருந்தார்.

"எனக்க தங்கச்சிக்கு நான் வெஷம் வைப்பேனா மேடம்? அதே கெழங்கு நேத்து இந்த வீட்டிலயும் வெந்தது. நாங்க தின்னுட்டு நல்லா நடக்கோம். அந்தப் பயலப் பிடிச்சு கேளுங்க."

அவர் மனைவி ஆனந்தபாய் சாயா கொண்டுவந்து, கணவரைக் காட்டிச் சொன்னாள். "நெசமாக்கும் மக்கா. இவிய சொன்னதுபோல நறுக்கி, கொதிச்ச தண்ணிய ரெண்டு தடவ ஊத்திக் களைஞ்சுதான் வேகவச்சேன். மீன்கறியோட தின்னோம்."

ஜிஜா சாயாவைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தாள். ரப்பர் மரங்களுக்கு இந்தப்பக்கம் மரச்சீனித் தோட்டம். சுற்றிலும் தகரமும் பழைய சேலைகளும் கட்டிய வேலி.

"பன்னி வருமா அக்கா?"

"வருமாவா? வேலி இல்லண்ணா ஒரு மூடு மிஞ்சாது."

ஓடையோரம் இன்னொரு சிறு பாத்தி. அதற்கு வேலி இல்லை. ஒரு செடிகூடச் சாயவில்லை. நாலைந்து செடிகள் மட்டும் மூட்டோடு புதிதாகப் பிடுங்கப்பட்டிருந்தன.

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஜெனினையும் கூட்டிவந்து, ஜிஜா ஞானையனின் முன் நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த வேலியில்லாத பாத்தியில, விஷம்ணு பன்னியே மோந்து பாத்துட்டு விட்டுட்டுப் போன கெழங்க நீங்க தங்கச்சிக்க கடைக்குக் குடுத்திருக்கீங்க."

"கட்டுள்ள கெழங்கு எல்லாத் தோட்டத்திலயும் உண்டு. தெரியாம கலந்திருக்கும்."

"ரெண்டு தண்ணி ஊத்திக் களைஞ்சா அந்தக் கட்டு, அதுக்க விஷம், போயிரும். அதனாலதான் உங்க வீட்டில யாருக்கும் ஒண்ணும் ஆகல்ல. ஆவியில வேகவச்சா விஷம் உள்ளேயே நிக்கும். ஜெனின் அப்படித்தான் வேகவைப்பான்ணு பாத்துச் சிரிச்சவரு நீங்க." ஜிஜா குரலைத் தாழ்த்தினாள். "தெரியாம கலந்ததுண்ணா, ரெண்டு தண்ணி ஊத்தணும்ணு ஆனந்தபாய் அக்காட்ட மட்டும் ஏன் சொன்னீங்க? கடையில ஏன் சொல்லல்ல?"

ஞானையன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாலு பேருக்கு வயறு கலங்கும், கடைய பூட்டுவாவ, கல்யாணமும் நிக்கும், இவன் பூவாருக்குப் போயிருவான்... அவ்வளவுதான் நெனச்சேன். அவ தின்னமாட்டால்லா. வெள்ளிக்கிழமையாப் பாத்துல்லா குடுத்தேன். அவ தின்னமாட்டால்லா..."

ஜெனின் அவரை அடிக்கப் போவதுபோல ஓரடி வைத்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கதவு திறந்தது. "ஷாலு கண் திறந்தாச்சு. ஒரு ஆளு மட்டும் உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

பழக்கத்தில் ஞானையன்தான் முதலில் எழுந்தார். ஜிஜா அவர் தோளில் கை வைத்து நிறுத்தினாள். ஜெனின் உள்ளே போனான்.

ஷாலுவின் உதடுகள் வறண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

"நேத்து பொய் சொன்னேன் கேட்டியா. நெசமாட்டும் கைச்சுது."

அவன் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"அண்ணன் எங்க ஜெனின்? பயந்து போயிருப்பாரு. வரச் சொல்லு."

கதவின் கண்ணாடிக்கு அப்பால் வராந்தாவின் பெஞ்சு காலியாக இருந்தது.