நிறம் மாறாத பாட்டில்

காலை 10.20. “மூணாவது மாடியில இதயம் நின்னுபோச்சு!” என்று போன் வந்ததும், முட்டி வலியோடு படியேறி ஓடினார் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி, முன்னாள் போலீஸ்காரர். அங்கே பிணம் இல்லை. ஒரு கண்ணாடித் தட்டு. அதில் துடிப்பு நின்றுபோன இதயத் தசை செல்கள். இதற்கா ஓடிவந்தோம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவதான் மருந்தை அள்ளிக் கொட்டிக் கொன்னுட்டா!” பேராசிரியர் ஆய்வு மாணவியைக் காட்டினார். “பார்வையிட வந்த குழு முன்னாடி மானம் போச்சு. இவளை நீக்கி லெட்டர் போட்டாச்சு.”

மூன்று வருட உழைப்பு. மாணவிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

“என்னம்மா செஞ்சே? புரியற மாதிரி சொல்லு,” என்றார் அதிகாரி.

“செல்லுக்குள்ள அமிலம் ஏத்துவேன் சார். அதைச் சரிபண்ண செல்லுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, சோடியத்தை உள்ள விட்டு அமிலத்தை வெளிய தள்றது. அதை மருந்தால அடைச்சிடுவேன். இன்னொண்ணு, கரைசல்ல இருக்கற சோடா உப்பை உள்ள இழுத்து அமிலத்தை முறிக்கறது. அதுல தினமும் பிழைச்சுக்கும். இன்னிக்கு இல்ல.”

“மருந்து?”

“அதே அளவு.” எடை நோட்டும் அதையே சொன்னது.

“கரைசல்?”

“நிறம் சரியா இருந்துச்சு. அமிலத்தன்மை மாறினா நிறம் மாறிடும், எப்பவும் அதைத்தான் பாப்போம்.”

10.45. கரைசல் பாட்டில் ஆரஞ்சு நிறத்தில் சாதுவாக நின்றது. ஒரு குமிழிகூட இல்லை. அலமாரிக்குப் பின்னால் வாயு சிலிண்டர். முள் பூஜ்யத்தில்.

“சோடா உப்புக் கரைசலுக்குக் கரியமில வாயு விட்டுட்டே இருக்கணும்,” என்றார் அன்று அப்போதுதான் வேலைக்கு வந்த ஆய்வக உதவியாளர். “இல்லன்னா ஊதாவாயிடும். சிலிண்டர் நேத்தே தீந்துபோச்சு, பேராசிரியர் சார்கிட்ட சொன்னேன். ஆர்டர் படிவம் மூணு வாரமா அவர் மேஜையிலதான் கிடக்கு.”

வாசல் பதிவேட்டில் பேராசிரியர் வந்த நேரம் 7.40. வழக்கமாகப் பதினொன்றுக்கு முன் தலைகாட்டாதவர்.

11.00. “வாயு இல்ல, ஆனா நிறம் மாறல,” என்றார் அதிகாரி. “அப்போ பாட்டில்ல சோடா உப்பே இல்ல. வாயு தேவைப்படாத வேற கரைசல். சிலிண்டர் தீந்தது குழுவுக்குத் தெரியக்கூடாதுன்னு காலையில வந்து மாத்தினது நீங்கதான், பேராசிரியரே.”

“என் செல்லெல்லாம் அந்தக் கரைசல்ல நல்லாத்தானே துடிக்குது!” வாய் முந்திக்கொண்டது.

“உங்க செல்லுக்கு முதல் வழி திறந்திருக்கு. இவ அதை அடைப்பாங்கறதை மறந்துட்டீங்க. ரெண்டாவதை நீங்க அடைச்சீங்க. செத்ததைப் பாத்ததுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஆனாலும் பழியை இவ தலையில போட்டீங்க.”



அதிகாரி ஆர்டர் படிவத்தையும் நீக்கல் கடிதத்தையும் மேஜையில் வைத்தார். “சிலிண்டருக்குக் கையெழுத்துப் போட மூணு வாரமா நேரமில்ல. இந்தப் பொண்ணை வெளிய அனுப்ப பத்து நிமிஷம் போதுமா இருந்துச்சு, இல்ல?”

பேராசிரியர் கடிதத்தைக் கிழித்தார். மாணவி படிவத்தை அவர் முன்னால் நகர்த்திப் பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

“தேதியும் போடுங்க சார்.”