வாடைக்காற்றில் திரும்பிய புகை

“ஏங்க... ஏங்க! என் துப்பட்டா!”

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் ஐந்தரை மணி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அந்த நெரிசலில் ஒருவன் ஆறடித் தகரக் குழாய் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினான். குழாயின் முனை சுதாராணியின் துப்பட்டாவைக் கொத்தி இழுத்தது. சரக்...

“ஐயையோ... கிழிஞ்சிட்டா?”

“இல்ல, தைச்சிருக்கீங்க! இதை வச்சுக்கிட்டு பஸ்ல ஏறலாமா? லாரி பிடிக்கிறது!”

“ஒத்தைக் குழாய்க்கு லாரி பிடிச்சா என்னைத்தாங்க வித்துக் கட்டணும்...”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்று நிமிர்ந்தவள்... அப்படியே நின்றாள்.

சுதாராணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேருக்காவது கண் அளவு பார்ப்பாள். ஆனால் அந்தக் கண்களெல்லாம் சுவரில் தொங்கும் எழுத்துகளைத்தான் பார்க்கும். இந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் மட்டும் மழையில் நனைந்த கரிசல் மண் மாதிரி கறுத்து...

“வெல்டிங் வேலையா?” தன்னையறியாமல் கேட்டாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கண்ணு சொல்லுது. கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பாக்கக் கூடாதா?”

“இதுவரைக்கும் யாரும் சொல்லலையே...”

அதற்குமேல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வரும்வரை திரும்பவே இல்லை. ஆனால் என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் அதே கண்கள்! தோளில் பை, கையில் கடப்பாரை.

“வள்ளித்தாய் அம்மா வீடு... நீங்களா!”

அவன் பெயர் செண்பகராஜ். கோவில்பட்டியில் பட்டறை வைத்துப் புதுவகை விறகடுப்பு செய்பவன். சுதாராணியின் அம்மா வள்ளித்தாய்தான் வரச் சொல்லியிருந்தாள். காராச்சேவு போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். அப்பா இறந்த பிறகு அந்த அடுப்பு முன் உட்கார்ந்துதான் மகளைப் படிக்க வைத்தாள். இருபது வருஷப் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘இனிமேல் புகை ஆகவே ஆகாது’ என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ‘கேஸ் தீயில சேவு வெளியே கருகும், உள்ளே வேகாது’ என்று அம்மா பிடிவாதம். தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம். புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அடுப்பு சமையல்காரி ஆவுடைத்தாய் வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைச் செய்தவனுக்கே ஆள் அனுப்பினாள்.

பழைய மண் அடுப்பை இடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறை முழுக்கக் கரி. செண்பகராஜ் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலைக்கு மூலை பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். பிறகு கூரையைக் காட்டினான்.

“குழாய் நேரா மேல போகணும். இங்கன ஒரு ஓட்டை போடுதேன்.”

“கூரையிலயா? ஆகாது!” சுதாராணி குறுக்கே வந்தாள். “போன வருசம்தான் மேல தட்டு ஓடு பதிச்சிருக்கு. அதுக்கு முந்தின மழையில வீடு பூரா சட்டி வச்சுக்கிட்டு அலைஞ்சோம். மறுபடியும் ஒழுகவா? சுவரு வழியா விடுங்க.”

“சுவரு வடக்கே பாத்திருக்கு. வாடைக்காத்து எந்திரிச்சா புகை உள்ளயே திரும்பிரும்ங்க.”

“எங்க வீடு. நான் சொல்லுதபடி செய்யுங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். உளியை எடுத்துச் சுவரைக் கொத்தத் தொடங்கினான்.

வேலை மூன்று நாள் நடந்தது. அந்த மூன்று நாளும் சுதாராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிவிட்டுத் திருத்தினாள். வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் அவன் முதுகு தெரியும்... சாந்து பூசும் கை தெரியும்... உடனே எதிலாவது குற்றம் கண்டுபிடிக்கத் தோன்றும்.

“அந்தச் செங்கல் கோணலா இருக்கு.”

“உங்களுக்குக் கண்ணு அளவு பாத்துப் பாத்து உலகமே கோணலாத் தெரியுது.”

“வாயும் உங்களுக்குக் குழாய் அளவு நீளம்தான்!”

அம்மா கொல்லையில் மாவு பிசைந்தபடி இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

புதன்கிழமை அடுப்பு பற்றியது. இரும்பு வாயில் விறகு சடசடவென்று பிடித்தது. உள்ளே ஒரு இழை புகை இல்லை. அம்மாவின் கண் கலங்கியது. ஆனால் அது புகையால் அல்ல. செண்பகராஜ் சாமான்களை அள்ளிப் பையில் போட்டான்.

“அப்போ வாரேன்ங்க. ஏதும்னா போன் போடுங்க.”

ஏதும்னா... என்ன சொல்லிப் போன் போடுவது? வியாழன் முழுக்க அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது வடக்கே மேகம் கட்டி, வாடை எழுந்தது. சுதாராணி தலை பின்னிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து இருமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே ஆளே தெரியவில்லை. குழாய் வழியே போன புகையைக் காற்று அப்படியே திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் சரிந்து, மூச்சுக்குத் தவித்து...

கழுகுமலை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மூச்சுக்கு மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது. சுதாராணி வெளியே வந்து அவன் எண்ணை அழுத்தினாள்.

“வேலை தெரியாட்டா எதுக்கு ஒத்துக்கிடுதீங்க? எங்கம்மா உயிரு உங்களுக்கு விளையாட்டா?”

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது.

“அம்மா எப்படி இருக்காவ?”

“அதைப் பத்தி உங்களுக்கென்ன!”

“தப்பு என்னுதுதாங்க,” என்றான் மெதுவாக. அவ்வளவுதான். ‘நீதானே சொன்னாய்’ என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவன் கேட்கவில்லை. அதுதான் குத்தியது.

சாயங்காலம் வீட்டில் படுத்தபடி அம்மா கேட்டாள், “ஏட்டி... கூரையத் தொடக் கூடாதுன்னது நீதான? அந்தத் தம்பியை எதுக்கு வைஞ்ச?”

சுதாராணி ஜன்னலோரம் போய் நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போன் போட்டால் ‘ஸ்விட்ச் ஆஃப்’. சனிக்கிழமை காலையிலும் அதேதான். மதியம் கடையில் லீவு சொல்லிவிட்டு அவனுடைய பட்டறைக்கே போனாள். பூட்டியிருந்தது.

“காலையிலயே குழாயைத் தூக்கிக்கிட்டு எங்கயோ போயிட்டாவளே,” என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

எங்கே? எந்த ஊருக்கு? வேறு யார் வீட்டு அடுப்புக்கு... திரும்பும் வழியெல்லாம் மழை. பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்தாள். கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு அடியும் கனத்தது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இனி அவனை எந்த முகத்தோடு பார்ப்பது? பார்க்கத்தான் முடியுமா?

வீட்டை நெருங்கியவள் தலை நிமிர்ந்தாள்.

கூரைமேல் அவன்!

நட்டநடுவில் குழாய் நேராக நின்றது. சுற்றித் தகரத் தட்டு பதித்து விளிம்பெல்லாம் தார் பூசியிருந்தது. தார் காயும் முன்னே மழை பிடித்துக்கொண்டதால், குழாயடியில் தார்ப்பாயை விரித்து, காற்று தூக்காமல் இரண்டு கையாலும் அழுத்தியபடி குந்தியிருந்தான். பாய்க்கு அடியில் கூரை காய்ந்திருந்தது. அவன் தொப்பலாக நனைந்திருந்தான்.

ஏணியில் எப்படி ஏறினாளோ... எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருக்கும் நடுவில் குழாய். மழை தூறிக்கொண்டே இருந்தது.

“உங்களைத் தேடிப் பட்டறைக்குப் போயிருந்தேன்.”

“நான் உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்.”

“போனை ஏன் அமத்தி வச்சிருந்தீங்க?”

“எடுத்தா திரும்பவும் வைவீங்கன்னு பயம்...”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “தப்பு என்னுதுதான். தெரிஞ்சேதான் உங்களை வைஞ்சேன். நீங்க ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை?”

செண்பகராஜ் தார்ப்பாயில் தேங்கிய நீரை முழங்கையால் தள்ளிவிட்டான்.

“எங்கம்மாவும் இப்படி இருமி இருமித்தான் போனாவ. அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்கே வந்தேன். இதுவரைக்கும் எந்த வீட்டுலயும், யாரு சொன்னாலும் குழாயைத் தப்பா வச்சதில்லைங்க. சம்மதிக்காட்டா வேலையே வேண்டாம்னு எந்திரிச்சு வந்திருவேன். உங்க வீட்டுல மட்டும்... முடியலை.”

“ஏன்?”

“எந்திரிச்சுப் போயிட்டா மறுநாள் உங்களைப் பாக்க முடியாதே...”

காற்று ஒரு சுழற்று சுழற்றியது. அவள் பாயை இறுகப் பிடித்தாள்.

“உங்களைப் பாக்கணுங்கிறதுக்காக உங்கம்மாவை அந்தப் புகையில உக்கார வச்சிட்டேன்லா... அதுதான் வாய் எழும்பலை. மன்னிச்சிருங்க. இந்தத் தார் காய்ஞ்சதும் போயிருதேன்.”

“போவாண்டாம்.”

அவன் நிமிர்ந்தான். மழை அவள் இமையில் துளித்துளியாகத் தொங்கியது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

“தார் காய்ஞ்சாலும் போவாண்டாம்,” என்றாள். “இந்த ஒரு வாரமா நான் ஒரு எடத்துல உக்காரலை. இப்பத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு... நீங்க வேணும்.”

குழாய் உச்சியில் புகை எட்டிப் பார்த்தது. மெல்ல, கனமாக, வாடைக்கும் மசியாமல் நேராக மேலே ஏறியது. கீழே அம்மா அடுப்பு பற்ற வைத்துவிட்டாள்.

“ஏட்டி சுதா!” சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. “ஒரு பொட்டுப் புகை இல்லட்டி! சுக்குத்தண்ணி போடுதேன், அந்தத் தம்பியை இறங்கி வரச் சொல்லு!”

சுதாராணி அவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு கீழே இருக்கிறவளுக்குக் கேட்கும்படி உரக்கக் குரல் கொடுத்தான்.

“இந்தா வாரேன்... அத்தை!”