நாலு மணி வரைக்கும் மூச்சு

காலை எட்டரைக்கு வேன் அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்க வாசலில் வந்து நின்றது. தனியார் ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய வென்டிலேட்டரை இரண்டு பேர் இறக்கி, குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆய்வுக் குழு வருகிற நாளில் வருடா வருடம் நடக்கும் கூத்து இது. வார்டுக்கென்று ஒரு மிஷின் வாங்கியதாகக் காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பணம் யார் வீட்டு மாடியாக எழும்பியதோ, கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

தலைமை நர்ஸுக்கும் இல்லை. 'மிஷின் எப்போதும் வார்டில்தான் இருக்கிறது' என்று போன வருடம் கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

போன வருடம் குழு வந்த அன்றைக்கு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண்ணை அதில் மாட்டினார்கள். ஓயாமல் பேசுவதால் வார்டே அவளைக் குருவி என்று கூப்பிட்டது. மதியத்துக்குள் நீலம் பாரித்திருந்த உதடு சிவந்தது. பெற்றவள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். நாலு மணிக்குக் குழு கிளம்பியது; மிஷினும் கிளம்பியது. விருந்தாளிகளைக் கார்வரை வழியனுப்பச் சொன்னார் பெரிய டாக்டர். தலைமை நர்ஸ் போனாள். திரும்பி வந்தபோது குருவி இல்லை. அந்தப் பாவத்தை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லி அழவில்லை.

இந்த முறை அவள் பெரிய டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "யாரையும் மாட்ட வேணாம் சார். சும்மா நிக்கட்டும்."

"சரி சிஸ்டர். கையெழுத்தை மட்டும் மறந்துடாதீங்க."

காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் நின்றது. பிளக் தரையில் கிடந்தது.

பதினொரு மணிக்குக் குழு உள்ளே நுழைந்ததும் அது ஓட ஆரம்பித்தது.

உஸ்ஸ்... நிதானமான மூச்சு. தலையணையில் சின்னதாக ஒரு குழி விழுந்தது.

பிளக்கை யாரும் கவனிக்கவில்லை, அவளைத் தவிர.

"யாருக்கு ஓடுது?" குழுத் தலைவர் கேட்டார்.

பெரிய டாக்டர் அவளை முறைத்தார். உண்மையைச் சொன்னால் போதும், வார்டுக்குச் சொந்த மிஷின் வாங்கியே தீரவேண்டும். இனி ஒரு குழந்தையும் நாலு மணிக்குச் சாகாது. வாயைத் திறந்தாள்.

"டெஸ்ட் பண்றோம் சார்" என்றாள்.

போன வருடத்து அதே வாசகத்துக்குக் கீழே அதே கையெழுத்தைப் போட்டாள்.

நாலு மணிக்கு மிஷினை ஏற்றிக்கொண்டு வேன் போனது. இந்த முறை வழியனுப்ப அவள் போகவில்லை. வெறும் கட்டிலில் ஒரு திணறல் கேட்டது.

அவளுக்குத் தெரிந்த திணறல்.

ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ரப்பர் பையை எடுத்தாள். அதன் மாஸ்க்கைத் தலையணைக் குழியின்மேல் வைத்து அழுத்தினாள். வெறும் காற்றில் அழுத்தினால் பை பொசுக்கென்று அமுங்கிவிடும். இருபது வருட அனுபவம். இது அப்படி அமுங்கவில்லை. ஒரு சின்ன நெஞ்சு நிரம்புகிற கனம் கையில் தெரிந்தது.

"நான் எங்கயும் போகல கண்ணு."

ஏழு மணிக்கு அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்தாள். வயதில் இளையவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான்.

"அக்கா, என்ன பண்றீங்க? கட்டில்ல யாருமே இல்லையே."

"கையை எடுத்தா திணறுறா."

இளையவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அக்காவுக்கு மனசு பேதலித்துவிட்டது. "குடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

பையை வாங்கி, ஒரு சமாதானத்துக்காக இரண்டு தரம் அழுத்தினாள். நிறுத்தினாள்.

மாஸ்க்குக்கு அடியில் ஏதோ திணறியது.

இளையவள் காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் அழுத்தத் தொடங்கினாள்.