இறந்தவர் அனுப்பிய குரல்

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், காலை 7.10. மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோன கவுன்சிலர் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் பேசினார்.

"என் மனைவிக்கு ஓட்டுப் போடாதீங்க. அவ வேணாம்."

அவர் எண்ணிலிருந்துதான் வந்தது. அவர் குரலேதான்.

8.30. கணவரின் இடத்துக்குப் போட்டியிடும் மனைவி கூடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் போன் மேசைமேல் இருந்தது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் அதை எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் வேலை செய்யுதா?"

"தினமும் சார்ஜ் போடுவேன் மேடம். அணைஞ்சுட்டா அவர் நெஜமாவே போயிட்ட மாதிரி ஆயிடும்."

வீட்டில் இன்னும் இரண்டு பேர். கொழுந்தன், அண்ணன் இடம் தனக்குத்தான் என்று குதித்தவர். மகள், வெளியூரில் பஸ் டிரைவர். ஓட்டுப் போட லீவில் வந்திருந்தாள்.

"போனைத் தொட்டீங்களா?" கொழுந்தனைக் கேட்டார்.

"என்னைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அண்ணன் மேடைப் பேச்சு நெட்ல கொட்டிக் கிடக்கு. எவன் வேணா அதை வச்சுக் குரல் செய்யலாம்."

இன்ஸ்பெக்டர் அந்த மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டார். அது மேடைக் குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரா?"

"எனக்கா? யாருக்கா இருந்தாலும் டைப் பண்ணித்தான் அனுப்புவார்" என்றார் மனைவி. கொழுந்தனும் தலையாட்டினார்.

9.15. இன்ஸ்பெக்டர் மகளிடம் திரும்பினார்.

"பஸ் ஓட்டுறவங்களுக்கு மெசேஜ் படிக்க நேரம் ஏது? உங்களுக்கு மட்டும் அப்பா பேசியே அனுப்பியிருப்பார். இந்த மெதுவான குரல் வேற யார்கிட்டயும் இல்லம்மா."

மகள் மறுக்கவில்லை.

"வெள்ளத்தப்போ இதே குரூப்தான் ஊருக்குப் படகு அனுப்புச்சு. முதல் படகை அப்பா எங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டார்னு ஒருத்தன் புளுகினான். அதையும் இதே குரூப்தான் பரப்புச்சு. அதுலயே அப்பா நெஞ்சடைச்சுப் போனார். அம்மாவையும் அவங்ககிட்ட தூக்கிக் கொடுக்கணுமா?"

அம்மா திட்டவில்லை. அவருக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"அவர் நெஜமாப் பேசினது ஒண்ணு போடு."

மகள் தன் போனில் வெகுநேரம் தேடினாள். பிறகு அழுத்தினாள். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மா நிக்கட்டும்டா. அவளால முடியும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே பயம் வந்து அப்பிக்கொண்டது.

"இது அவர்தானா? இல்ல, இதையும் நீ செஞ்சியா?"

"சத்தியமா அப்பாதாம்மா. நீ நிக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் மறைச்சேன்."

அம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம்."

முக்கால் மணி நேரத்தில் பொய்யைப் பிடித்தவருக்கு, இதை உண்மை என்று சொல்ல வாய் வரவில்லை.