இரண்டு மணி நேரம்

"உன் தம்பி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர்ல விளையாடுறான்மா?"

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்றுதான் கணக்கெடுப்புக்காரி கேட்டாள். மூன்று மாடி ஏறிய மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. படிவத்தை விளையாடுகிறவனே நிரப்ப வேண்டும் என்றாள். இவள் அதை உள்ளே எடுத்துப் போனாள். தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதில் ஹெட்போன். வலது கையின் ஆட்காட்டி விரல் மட்டும் டிக், டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தது.

"நீயே போட்டுக் குடுத்துடுக்கா. என்னை நல்ல பிள்ளையாப் போடு, என்ன?"

இருபது கேள்விகள். சாப்பாட்டைத் தவிர்த்ததுண்டா, தூக்கம் கெட்டதுண்டா, வீட்டாரிடம் மறைத்ததுண்டா. குளித்து நான்கு நாள் ஆனவனுக்காக அவள் அடுப்படியில் உட்கார்ந்து 'ஒருபோதும் இல்லை', 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டுக்கொண்டே போனாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுவில் இரண்டு 'சில நேரம்' போட்டாள். அந்தச் சாமர்த்தியத்தில் அப்போது கொஞ்சம் பெருமைகூட. மணி நேரம் என்ற கட்டத்தில் 2 என்று எழுதினாள்.

உண்மைக் கணக்கும் அவளிடம் இருந்தது. பத்தாவதோடு பள்ளியை நிறுத்தி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தெரியாமல் எது நடக்கும்? அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த நோட்டில் தினமும் எழுதிவந்தாள். 11. 13. 16. யாருக்கும் காட்டியதில்லை.

கணக்கெடுப்புக்காரி வாசலிலேயே மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தாள். "தேவலையே! முப்பதைத் தாண்டியிருந்தா எங்க டாக்டரே வீட்டுக்கு வந்து அவன்கிட்ட பேசுவாரு. உனக்கு அந்தத் தொல்லை இல்ல."

அந்தத் தொல்லை வந்திருக்கலாம்.

அன்றிலிருந்து நாற்பத்தோராம் நாள், உட்கார்ந்த நாற்காலியிலேயே தம்பி போய்விட்டான். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். நோட்டில் கடைசி எண் 19. கம்ப்யூட்டரை மாமா எடுத்துப் போனார். சக்கரம் வைத்த அந்த நாற்காலியை, அம்மா கண்ணில் படக்கூடாது என்று அவளே மூன்று மாடி தூக்கிச் சுமந்து குப்பை வண்டியில் ஏற்றினாள். அறைக்கதவைச் சாத்தினாள்.

போன வாரம் ஒரு மத்தியானம், அம்மா வேலைக்குப் போன பிறகு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கேட்டது. குழாய் சொட்டுகிறது என்று நினைத்துக் குழாயை இறுக்கினாள், சுவர்க் கடிகாரமாக இருக்கும் என்று அதன் பேட்டரியைக் கழற்றினாள், பிறகு வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் ஆனபோது, சாத்திய கதவுக்குக் கீழே இருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் பல நாள் மாற்றாத பனியன் வாடையும் மெல்லக் கசிந்து வர, அதற்குள்ளிருந்து அது தெளிவாகக் கேட்டது. டிக். டிக் டிக்.

உள்ளே போய்ப் பார்த்தாள். வெறும் அறை. தரையில் நாற்காலிச் சக்கரம் தேய்த்த தடம் மட்டும்.

"வெறும் வீட்டுல காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எல்லாம்தான்டி கேக்கும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

அவள் நோட்டை மறுபடி எடுத்தாள். சத்தம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கேட்கிறது என்று எழுதினாள். 3. 7. 12. நேற்று 19. இன்று விடிந்ததிலிருந்து நிற்கவே இல்லை.

எழுந்திருடா, என்று கதவில் நெற்றியை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். போதும்டா. கால் என்னத்துக்காகும்?

டிக்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. அதே கணக்கெடுப்புக்காரி.

"ரெண்டாவது சுத்தும்மா. உங்க படி ஏறி என் முட்டி தேஞ்சுபோச்சு. தம்பி இருக்கானா?" சொல்லும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டு அவள் சிரித்தாள். "கேக்கவே வேணாம். வெளுத்து வாங்குறானே!"

அவளுக்கும் கேட்கிறது.

"அக்கா... போன தடவை அதை நிரப்பினது நான்தான்."

"எல்லா வீட்டுலயும் இதே கூத்துதான். அம்மா போடுவாங்க, அக்கா போடுவாங்க. ஆடுறவன் போட்டாலும் பொய்தான் போடுவான். அதை வச்சுத்தான் நாங்க புத்தகம் போடுறோம்." பையைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். "இந்தத் தடவையாவது உள்ளதைப் போடு. அளவு தாண்டினா நிச்சயம் ஆள் வருவாங்க."

ஆள் வருவார்கள். யாராவது வந்து அவனை எழுப்புவார்கள்.

வாசலில் நின்றபடியே எழுதினாள். 'எப்போதும்'. 'எப்போதும்'. இருபதும் 'எப்போதும்'. கண்ணீர் விழுந்து ஒரு வட்டம் கலைந்தது. மணி நேரம்: 24.

"இருபத்திநாலா? தூங்கவே மாட்டானா? கூப்பிடு அவனை, ரெண்டு வார்த்தை பேசணும்."

"அவன் செத்து ஆறரை மாசம் ஆச்சுக்கா."

கணக்கெடுப்புக்காரியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

சத்தம் நின்றது.

தரையில் சக்கரம் உருண்டது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கதவுத் தாழ். பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை. மரத்துப்போன கால்.

அவள் திரும்பவில்லை. எதிரே இருந்தவளின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய், மெல்ல மேலே ஏறியது. தம்பி அவளைவிட உயரம்.

அந்த வாடை.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நீலம் பாரித்த கை. ஆட்காட்டி விரல் மட்டும் அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் விரலிடுக்கிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டது. 24-ஐ அடித்தது. பக்கத்தில், நல்ல பிள்ளை எழுதுவதுபோல் அழகாக, 2 என்று எழுதியது.

வேண்டாம்டா கண்ணு.

கணக்கெடுப்புக்காரி படிவத்தை வாங்கவில்லை. பையை எடுக்கவில்லை. படியிறங்கிப் போனாள்.