சூளை வாசலில் நான்கு எழுத்து

அடைத்த சூளை வாசலில், தன் கையாலேயே பூசிய மண்ணில், நான்கு ஆங்கில எழுத்துகள் முளைத்திருப்பதைக் காலையில் முதலில் பார்த்தவன் சாமிதுரைதான். அந்த வாசலில் எழுத்து இருப்பது புதிதில்லை. ஆனால் அச்சை வைத்து அழுத்தினால் எழுத்து மண்ணுக்குள் குழியும். இவை வெளியே புடைத்திருந்தன, உள்ளே இருந்து யாரோ விரலால் தள்ளியது போல.

என், ஏ, ஐ, எல். நெயில். நகம்.

விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் பட்டறையில் ஜாடிகளை அடுக்கி முடித்ததும் சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து ஈர மண் பூசுவார்கள். ஈர மண்ணைக் கண்டால் சாமிதுரைக்கும் மங்கலம்பேட்டை கலீல் ரஹ்மானுக்கும் கை சும்மா இருக்காது. ஜாடிக்கு முத்திரை குத்தும் ஈய எழுத்துகளைக் கொண்டுவந்து விளையாடுவார்கள். நான்கெழுத்து ஆங்கிலச் சொல். அதில் ஐயும் எல்லும் இருந்தாக வேண்டும். ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். சொல் கிடைக்காமல் விழிப்பவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். விழிப்பவன் எப்போதும் சாமிதுரைதான். கலீல் தன் சொல்லைக் குத்திவிட்டுத் தள்ளி நின்று, "உங்க முறைண்ணே" என்று சிரிப்பான். எல்லோரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். சாமிதுரைக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். சூளை மேஸ்திரி வேலையும் கலீலுக்குத்தான் என்று முதலாளி சொன்ன அன்று அந்த எரிச்சல் கைக்கு இறங்கிவிட்டது.

ஆட்கள் செங்கல் எடுக்கப் போயிருந்தார்கள். உள்ளே கடைசி ஜாடியை வைக்கக் குனிந்த கலீலின் பிடரியில் சாமிதுரை நெருப்புக் கிளறும் கம்பியை ஓங்கி இறக்கினான். சுடாத ஜாடி தரையில் விழுந்தது போல் மொத்தென்று ஒரு சத்தம். இரண்டாவது அடியில் மண்டை பிளந்து ரத்தம் வெளுத்த ஜாடிகளின் மேல் தெறித்தது. மூன்றாவது அடி தேவையில்லை. ஆனாலும் அடித்தான். உடலை மூலைக்கு இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்து, ஆட்கள் கொண்டுவந்த கல்லை வாங்கித் தானே அடுக்க ஆரம்பித்தான்.

கடைசிக் கல்லை வைக்கும் முன் மூன்று தடவை உள்ளே குரல் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பூனை புகுந்திருக்கும், அசந்துபோய் யாராவது தூங்கியிருப்பார்கள். நாலு பேர் பார்க்க சாமிதுரையும் கூப்பிட்டான். "உள்ள ஆளு இருக்குதா?" மூன்றாவது தடவை, ஓட்டையில் முகம் வைத்திருந்த அவனுக்கு மட்டும், இருட்டிலிருந்து ஈரமாக ஒரு முனகல் கேட்டது.

"இருக்கேண்ணே."

கல்லை வைத்தான்.

கலீல் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான், அங்கிருந்து துபாய் போகிறானாம் என்று சாமிதுரையே ஊரெல்லாம் சொன்னான். எழுபதுகளில் மங்கலம்பேட்டையிலிருந்து ஆட்கள் அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சூளை எரிந்து அடங்கியது. ஆறியதும் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போய், மிஞ்சிய எலும்பைக் கூட்டி அள்ளிவிட்டால் போதும். கழுத்து தப்பிவிடும்.

இப்போது இந்த எழுத்து. கரணையால் சுரண்டி எறிந்தான். புது மண் குழைத்து அந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டுக் கை கழுவினான்.

ஜாடிக்கு மெருகுப் பால் பூசும் பாஞ்சாலை அந்தப் பக்கமாக வந்து நின்றாள்.

"ஏண்ணே, கலீலண்ணன் திரும்பி வந்துட்டாரா?"

"யாரு சொன்னா?"

"வாசல்ல புதுசா எழுதியிருக்குதே! நீங்க ரெண்டு பேருந்தான இத வெளாடுவீங்க. அவுரு சம்சாரம் அஜீஸா கேட்டாண்ட வந்து நின்னு அழுவுது. வந்திருந்தாருன்னா ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, பாவம்."

திரும்பிப் பார்த்தான். பூசிய ஈரம் இன்னும் மினுமினுத்தது. எல், ஐ, எம், பி. கை கால். அதற்குக் கீழே எல், ஐ, பி, எஸ். உதடுகள்.

"போயி வேலயப் பாரு" என்று எரிந்து விழுந்தான்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ஆட்களெல்லாம் வேப்ப மரத்தடிக்குப் போய்விட, உச்சி வெயிலில் பட்டறை முழுதும் காய்ந்த களிமண் வாசனையும், அதற்கடியில் தலைமுடி கருகியது போன்ற வேறொரு நாற்றமும் தேங்கி நிற்க, செங்கலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று அவசரமே இல்லாமல் பிறாண்டிக்கொண்டிருக்கும் சத்தம் அவன் காதுக்குள் புகுந்து பல்லைக் கூசவைத்தது. கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தான். சத்தம் நின்றது. சாக்கும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு நுழைந்தான்.

உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. ஜாடிகள் பளபளவென்று வெந்திருந்தன. ரத்தக்கறை எதிலும் இல்லை. மூலையில் கை விட்டுத் துழாவினான். எலும்பு இல்லை. சாம்பல்கூட இல்லை. போய்விட்டான், ஒரு பிடிகூட மிஞ்சாமல் போய்விட்டான் என்று நினைத்ததும் சாமிதுரைக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியாக ஒரு ஜாடியைத் தடவினான்.

விரலில் ஏதோ நெருடியது. எழுத்து. அடுத்த ஜாடியிலும். நகம். உதடுகள். கை கால். எல்லா ஜாடியிலும். புடைத்து. சூடாக.

பின்னால் டக்கென்று ஒரு சத்தம்.

திரும்பினான். வாசல் பாதிக்கு மேல் மூடியிருந்தது. கருகிய கை ஒன்று கல் வைத்துக்கொண்டிருந்தது. சதை இல்லாத விரல்கள். நிதானமாக. ஓடினான். ஜாடிகள் வழியை மறித்தன. வரும்போது அங்கே ஜாடி இல்லை.

"உள்ள ஆளு இருக்குதா?"

கலீலின் குரல்.

இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தான். ஈர மண் கொழகொழவென்று நாக்கை மூடியது. துப்பினான். மேலும் ஊறியது.

"உள்ள ஆளு இருக்குதா?"

கல்லில் முட்டினான். நெற்றி பிளந்தது. வேப்ப மரத்தடியில் ஆட்கள் பேசிச் சிரிப்பது கேட்டது.

"ஆளு இருக்குதா?"

"இருக்... இருக்கே..."

கடைசி ஓட்டையில் பிளந்த மண்டையும் ஒற்றைக் கண்ணும் தெரிந்தன. அவன் பதிலைக் கேட்டுவிட்ட கண். கல் வந்து பொருந்தியது.

இருட்டு. வெளியே ஈர மண்ணைச் சளப்சளப்பென்று பூசும் சத்தம். உள்ளே, பக்கத்திலேயே, ஒரு மூச்சு. சுடச்சுட ஒரு கை அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கல்லோடு வைத்து அழுத்தியது. நகம் வேரோடு பெயர்ந்தது. கை விடவில்லை. எலும்பு தெரியும்வரை முதல் எழுத்தை இழுத்தது.

"உங்க முறைண்ணே."