நாலு கட்டுமரம்

"எனக்கு நாலு பேரோட பேரு வேணும், ஐயா. அவ்வளவுதான்" என்றாள் தனம்.

ரெட்டியார்பாளையத்து மில் தொழிலாளி ராஜாங்கத்தின் மனைவி அவள். எழுபத்தாறாம் வருஷம் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனைப் பறிகொடுத்தவள், கருமாதி முடிந்த கையோடு வந்திருந்தாள்.

அந்த ஞாயிறு ராஜாங்கமும் அதே மில்லில் வேலை பார்த்த தனத்தின் தம்பி பாலகுருவும் காலாப்பட்டு வரை கடலோரமாகவே நடந்து பார்ப்போமென்று கிளம்பினார்கள். ஐப்பசியில் வானம் இப்படிச் சிரிக்கும், அப்படி அழும். அதை நம்பிக் கிளம்புவார்களா யாராவது? வழியில் உச்சிவேளையில் குளிக்க இறங்கிய ராஜாங்கத்தை அலை இழுத்துக்கொண்டது. மறுநாள் உடல் ஒதுங்கியது. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது.

"விபத்தா? எதிர்லயே நாலு கட்டுமரம் நின்னுச்சாம். என் தம்பி தொண்டை கிழியக் கத்தியிருக்கான். பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டானுங்களாம், பாவிங்க! அவனுங்களை உள்ள தள்ளணும்."

உத்திராபதி பிரெஞ்சுக்காரன் காலத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்புத் துலக்குபவர். அளந்து பேசுபவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் உதவியாளன் முருகையன் இருந்தான்.

"விடக் கூடாது சார்! நாலு பேரையும் அமுக்கிடலாம்" என்று அவன் அப்போதே எழுந்து நின்றுவிட்டான்.

"முதல்ல அவங்க நடந்த வழியில நடப்போம். தம்பியும் வரட்டும்" என்றார் உத்திராபதி.

மறுநாள் காலை நால்வரும் கரையோரமாக வடக்கே நடந்தார்கள். தூறல் விழுந்தது, நின்றது, வெயில் சுள்ளென்று அடித்தது, மறுபடி கறுத்தது. பாலகுரு நாலடி பின்தங்கியே வந்தான்.

பாதி வழியில் ஒரு மீனவர் குப்பம் வந்தது. வெயில் வந்து கடலும் அடங்கிக் கிடந்தது. ஆனால் கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறியிருந்தன.

"மழைக்குப் பயந்துட்டானுங்க சார்" என்றான் முருகையன்.

ஒரு குடிசை வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். உத்திராபதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டினார்.

காலாப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பாலகுரு நின்றான். "இங்கதான்."

"கட்டுமரம் எங்க நின்னுச்சு?" என்று கேட்டார் உத்திராபதி.

"தோ, கிட்டதான். வலை இழுத்துக்கிட்டிருந்தானுங்க."

"எந்த ஊர் மரம்?"

"தோ, சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட இருக்கிற குப்பத்துதுதான். நாலையும் இங்கயே கரையேத்துனானுங்க. என் கண்ணால பாத்தேன்."

அதற்குமேல் தனத்துக்குப் பொறுக்கவில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த குப்பத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். மற்ற மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். முதல் குடிசை வாசலில் ஆதிலட்சுமி என்ற பெண் தலைவிரிகோலமாய் உட்கார்ந்திருந்தாள்.

"தீபாவளி கழிஞ்ச ஞாயித்துக்கிழமை என் புருஷனைச் சாகவிட்டவனுங்க யாருடி?" என்று கத்தினாள் தனம்.

ஆதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கா? அன்னைக்கு விடியக்காலம்தாம்மா என் வூட்டுக்காரரைப் பாம்பு தீண்டி உசிரு போச்சு. பொழுது சாயத்தான் எடுத்தாங்க."

தனம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ பாவம்! ஆனா அதுக்கும் நம்ம கேசுக்கும் என்ன சார்?" என்று முணுமுணுத்தான் முருகையன்.

"வழியில மரமெல்லாம் கரையில கிடந்ததைப் பாத்தே. பாடையைப் பாக்கலை. குப்பத்துல சாவு விழுந்தா, பொணம் எடுக்கற வரைக்கும் ஒருத்தனும் கடல்ல இறங்க மாட்டான். மீறினா பஞ்சாயத்து சும்மா விடாது. அன்னைக்குப் பகல் பூரா இந்த ஊர்ல ஒரு மரம்கூடத் தண்ணியைத் தொடலை." உத்திராபதி பாலகுருவின் பக்கம் திரும்பினார். "கடல்னா கட்டுமரம் நிக்கும்னு நெனைச்சுப் பொய் சொல்லிட்டே. உனக்கு மில்லு தெரியும், குப்பம் தெரியாது. இப்ப உள்ளதைச் சொல்லு."

பாலகுரு அக்காவின் முன்னால் மண்டியிட்டான். "மாமா வேணான்னுதான் சொன்னாரு. நான்தான் 'என்ன மாமா, தொடை நடுங்குதா?'ன்னு கேலி பண்ணேன். இறங்கிட்டாரு. ரெண்டு தடவை கையைத் தூக்குனாரு, அக்கா. எனக்குக் கால் வரலை. அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு ரோட்டுக்கு ஓடி பஸ் ஏறிட்டேன்."

"கத்தலியா நீ?" என்றாள் தனம்.

இல்லை என்று அவன் தலையாட்டினான்.

"அடப்பாவி!" என்றாள் ஆதிலட்சுமி. "மத்த நாளுன்னா ஆம்பளைங்க கடல்ல இருப்பாங்க. அன்னைக்கு ஊரே என் வாசல்லதானே குந்தியிருந்துச்சு! ஒரு சத்தம் போட்டிருந்தா, பொணத்தை அப்படியே விட்டுட்டு ஓடியாந்திருப்பாங்களே!"

வயிறு எரிகிற பேச்சு அது. யாரையும் உள்ளே தள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று உத்திராபதிக்குத் தெரியும். கண்டுபிடித்ததற்குப் பதில் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குக் கசந்தது.

மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. "அக்கா, வா, வூட்டுக்குப் போயிடலாம்" என்று பாலகுரு கையை நீட்டினான்.

தனம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் புடவைத் தலைப்பை இழுத்துப் பார்த்தாள். தாலியறுத்த அன்று பிறந்த வீட்டுக் கோடியாக அவன் போட்ட புடவை அது.

"இந்தக் கையாலயாடா எனக்குக் கோடி போட்டே?" என்றாள்.

ஆதிலட்சுமி உள்ளே போய், தன் பழைய புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். தனம் அதை வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போனாள்.